ஒட்டுக் கம்பில் விதை எடுக்கலாமா?

வியாசர்பாடியில் குடியிருக்கும் வாசகருக்கு விளாத்திகுளம் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல். போன வருடம் போட்ட ஒட்டுக் கம்பு (ஹைப்ரிட்) பயிரிலேயே விதை எடுத்து இந்த வருடம் விதைத்தாராம்; பயிர் ஒன்று இடுப்பளவு, ஒன்று தலைக்கு மேல். மாதவரத்தில் தெரிந்த ஏஜென்ட் ஒருவர், ‘வறட்சி தாங்கும் புது ரகம், ஏக்கருக்கு 15 மூட்டை’ என்கிறார். வாங்கலாமா என்பது கேள்வி.

வேண்டாம். பாசனம், உரம் எல்லாம் இருந்தால் எட்டக்கூடிய விளைச்சல் அது. மானாவாரியில் முதலில் கேட்க வேண்டியது மூட்டையை அல்ல, வயதை. அரியானாவில் 1990-ல் வெளியான எச்.எச்.பி. 67 கம்பு 65 நாளுக்குள் அறுவடைக்கு வந்துவிடும். மழை நிற்பதற்குள் மணி பிடித்துவிடுவதால்தான் வறண்ட பகுதி விவசாயிகள் அதை விடாமல் போட்டார்கள்.

ஒட்டு ரகத்தின் வீரியம் முதல் விதையோடு சரி. அதில் எடுத்த விதையில் குணங்கள் பிரிந்து, பயிர் ஒரே மாதிரி வராது. உங்கள் வயலில் நடந்தது அதுதான்.

கோ 10 போன்ற கூட்டு ரகத்தில் (பல வகைகளைக் கலந்து உருவாக்கியது) மட்டும் விதை எடுக்கலாம். ஆனால் நன்றாக இருக்கிறதே என்று நாலு பெரிய கதிரை மட்டும் எடுக்காதீர்கள். கம்பு அயல் மகரந்தத்தில், அதாவது வேறு செடியின் மகரந்தத்தில், விளைவது. சில செடியின் விதையையே திரும்பத் திரும்பப் போட்டால் வீரியம் குறையும். வயலின் நடுப்பகுதியில் நூற்றுக்கணக்கான செடிகளிலிருந்து கதிர் எடுங்கள். பக்கத்துக் கம்பு வயல் 200 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புது விதை வாங்குங்கள்.

அப்புறம் அந்த ஏஜென்ட். மண்டித் தானியத்தையே பளபளப்பான பாக்கெட்டில் போட்டு விதை என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். சான்று விதை என்றால் நீல அட்டை இருக்கும். குவியல் எண் (அந்த விதைத் தொகுதியின் அடையாள எண்), முளைப்புத் திறன், காலாவதி தேதி எல்லாம் பையில் உள்ள அட்டைகளில் இருக்கும். கம்புக்கு முளைப்பு 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குவியல் எண் எழுதிய பில் தராதவரிடம் ஒரு கிலோகூட வாங்காதீர்கள். பின்னால் புகார் கொடுக்க அந்தச் சீட்டுதான் கையில் இருக்கும்.

வேளாண் விரிவாக்க மையத்தில் ஆவணியிலேயே கேட்டு வையுங்கள். புரட்டாசி விதைப்பு முடிந்த பிறகு விதை வந்து இறங்கும் கூத்தை எத்தனை வருடம்தான் பார்ப்பது! மானிய விதை நேரத்துக்கு வராததால்தான் விவசாயி ஏஜென்ட்டின் வாசலுக்குப் போகிறான். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் உங்கள் கரிசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஊருக்குப் போகும்போது ரகத்தை அங்கே நேரில் கேட்டு முடிவு செய்யுங்கள்.