வக்கீல் அண்ணாச்சி பதில்கள்: விமானக் கம்பெனியைத் தண்டிப்பது யார்?

கேள்வி: அமெரிக்காவில் கேஸ் போட்டால் கோடி கோடியாகக் கொடுக்கிறார்கள், நம்ம ஊர் கோர்ட்டில் லட்சத்துக்கே நாக்கு தள்ளுகிறது. ஏன் அண்ணாச்சி? (தக்கலை வாசகர்)

அங்கே இரண்டு கணக்கு. பட்ட நஷ்டத்துக்கு ஒன்று, கம்பெனி செய்த அடாவடிக்குத் தண்டனையாக இன்னொன்று. பேப்பரில் வருவது பெரும்பாலும் இரண்டாவது. அலபாமாவில் ஒருவர் புது பி.எம்.டபிள்யூ கார் வாங்கி, சில மாதம் கழித்து இன்னும் பளபளப்பாக்கலாம் என்று ஒரு கடையில் விட்டார், கடைக்காரர் பார்த்துவிட்டு இது ஏற்கெனவே மறுபெயின்ட் அடித்த வண்டி என்று சொல்லிவிட்டார். கம்பெனி அதை மறைத்துத்தான் விற்றிருந்தது. ஜூரி, அதாவது கேஸைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, போட்ட கணக்கு: நஷ்டம் 4,000 டாலர், தண்டனை 40 லட்சம் டாலர். இந்த இடத்தில் செய்தி முடிந்துவிடும், கேஸ் முடியாது. மாநில உச்ச நீதிமன்றம் பாதியாக்கியது, 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதுவும் அளவு மீறியது என்றது, கடைசியில் நின்றது 50,000 டாலர். தண்டனைத் தொகை நஷ்டத்தைப் போல ஒன்பது மடங்கைத் தாண்டினால் பெரும்பாலும் நிற்காது என்று 2003-ல் இன்னொரு கேஸிலும் சொல்லிவிட்டார்கள்.

கேள்வி: என் மகன் துபாயில் வேலை பார்க்கிறான், வருவதும் போவதும் திருவனந்தபுரம் வழியாகத்தான். விமானத்தில் ஏதாவது நடந்தால் கம்பெனியைத் தண்டிக்கச் சொல்லி நாம் கேட்க முடியுமா? (மார்த்தாண்டம் வாசகி)

ஒன்றும் நடக்காது அம்மா, பயப்படாதீர்கள். ஆனால் கேள்வி நியாயமானது. சர்வதேசப் பயணத்துக்கு 1999-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது, இந்தியா 2009-ல் சேர்ந்தது. அதன் 29-ஆம் பிரிவின்படி விமான சேவை நிறுவனத்திடம் இழப்பீடுதான் கேட்கலாம், தண்டனைத் தொகை கிடையாது. விமானத்தைச் செய்த கம்பெனிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, அதனால்தான் குடும்பங்கள் அமெரிக்காவுக்குக் கேஸைக் கொண்டுபோகப் பார்க்கின்றன. கம்பெனி வக்கீல்களும் சும்மா இருப்பார்களா, உங்கள் நாட்டிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிவிடப் பார்ப்பார்கள். போபால் விஷவாயு கேஸை 1986-ல் நியூயார்க் நீதிமன்றம் அப்படித்தான் இங்கே அனுப்பியது.

கேள்வி: போயிங்கும் ஏர்பஸ்ஸும் இவ்வளவு போட்டி போடும்போது, தப்பு செய்தால் வியாபாரம் போய்விடும் என்ற பயமே போதாதா? கோர்ட் எதற்கு? (நாகர்கோவில் கல்லூரி மாணவர்)

தம்பி, அந்தப் போட்டிதான் இங்கே வினை. ஏர்பஸ் 2010 டிசம்பரில் எரிபொருள் மிச்சம் பிடிக்கும் ஏ320நியோவை அறிவித்தது. அடுத்த ஜூலையில், போயிங்கின் நீண்டகால வாடிக்கையாளரான அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 460 விமானம் ஆர்டர் கொடுத்ததில் 260 ஏர்பஸ்ஸுக்குப் போயிற்று. போயிங் புதிதாக ஒன்றை வடிவமைக்கும் யோசனையை விட்டுவிட்டு, 1967-ல் முதலில் பறந்த 737-க்கே பெரிய எஞ்சின் மாட்டி ஆகஸ்டில் 'மேக்ஸ்' என்று கிளம்பியது. விமானிகளுக்குப் புதிதாக சிமுலேட்டர் பயிற்சி வேண்டாம் என்பதுதான் விற்பனைப் பேச்சு. பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி என்று சவுத்வெஸ்ட் நிறுவனத்துக்கு எழுதியே கொடுத்திருந்தார்கள். அப்புறம் என்ன, ஒரே ஒரு சென்சார் சொல்வதை நம்பி மூக்கைக் கீழே தள்ளும் எம்காஸ் மென்பொருளைப் பற்றி விமானிகளின் கையேட்டில்கூட விவரம் இல்லை. மேக்ஸ் விமானங்கள் இரண்டு விழுந்தன: 2018 அக்டோபரில் இந்தோனேசியாவில் 189 பேர், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் 157 பேர் இறந்தார்கள்.

வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு ஏர்பஸ்ஸுக்குப் போகலாமே என்கிறாயா? அங்கே ஆர்டர் கொடுத்தால் பல வருஷம் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டே கடை இருக்கிற சந்தையில் கோபத்துக்கு மரியாதை கிடையாது. அதனால்தான் கோர்ட் வேண்டும் என்கிறேன், ஆனால் அங்கேயும் கெட்டிக்காரத்தனம் நடந்தது. எத்தியோப்பிய விபத்து கேஸில் 2021 நவம்பரில் போயிங் 'பொறுப்பு எங்களுடையது' என்று ஒப்புக்கொண்டது, பதிலுக்குக் குடும்பங்கள் தண்டனைத் தொகை கேட்பதை விட்டுக்கொடுத்தன. அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கேஸ் கூடினால் தொழிலே படுத்துவிடும் என்றும் ஒரு கட்சி உண்டு. சிறிய விமானம் செய்த செஸ்னா 1986-ல் பிஸ்டன் எஞ்சின் விமானங்களை நிறுத்தியபோது வழக்குச் செலவைத்தான் காரணம் காட்டியது. 18 வருஷத்துக்கு மேல் பழைய சிறிய விமானத்துக்காகக் கம்பெனி மேல் கேஸ் போட முடியாது என்று 1994-ல் சட்டம் வந்ததும் திரும்ப ஆரம்பித்தார்கள். ஆனால் 1978-ல் வருஷத்துக்குச் சுமார் 17,800 விமானம் செய்த அந்தத் துறை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. கோர்ட் மட்டும்தான் காரணம் என்றால் திரும்பியிருக்க வேண்டாமா?

கேள்வி: புது அவுட்போர்டு எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டது, வேறு வள்ளம்தான் கட்டி இழுத்து வந்தது. கம்பெனி கைவிரிக்கிறது. எனக்கும் அந்தத் தண்டனைத் தொகை கிடைக்குமா? (குளச்சல் மீனவர்)

கேட்கலாம். 2019 நுகர்வோர் சட்டம் 39-ஆம் பிரிவில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே அந்த அதிகாரம் இருக்கிறது. நாகர்கோவிலிலேயே மனு கொடுக்கலாம், கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. 'இது வியாபாரத்துக்கு வாங்கியது, நீ நுகர்வோரே இல்லை' என்று அவர்கள் முதலில் சொல்வார்கள். சொந்தமாகத் தொழில் செய்து பிழைக்க வாங்கியது அந்த விலக்கில் வராது, அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

தண்டனைத் தொகையையும் அப்படியே, தனியாக, காரணத்தோடு கேளுங்கள். ஒரு கார் கேஸில் தேசிய ஆணையம் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போட்ட 25 லட்சத்தை, மனுவில் அப்படி ஒன்று கேட்கவே இல்லையே என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் சென்டரில் எழுதிக் கொடுத்த சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கட்டும், இழுத்து வந்த வள்ளக்காரரையும் சாட்சிக்குக் கேட்டு வையுங்கள். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அடுத்த சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.