சதுரங்க ஆட்டக் குறிப்பை வேர்ட்பிரஸ் தளத்தில் காட்டுவது எப்படி?

உப்புவெளியில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் பழக்குவதாகவும், அவர்கள் கொப்பியில் எழுதிவைக்கும் ஆட்டங்களைத் தளத்தில் நகரும் பலகையாகக் காட்ட வழியுண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும்.

கொப்பியைப் படமெடுத்துப் போடாமல், ஆட்டத்தைப் பிஜிஎன் வடிவில் தட்டச்சு செய்யுங்கள். சதுரங்க நகர்வுகளைக் கணினிக்குப் புரியும்படி எழுத 1993இல் உருவான எளிய எழுத்து வடிவம் அது. அப்புறம் ஆர்பிபி செஸ்போர்ட் என்ற செருகுநிரலை, அதாவது தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் சிறு மென்பொருளை, நிறுவுங்கள். குறிப்பின் முன்னும் பின்னும் அதற்குரிய சுருக்கக்குறியை (சதுர அடைப்புக்குள் எழுதும் சிறு கட்டளையை) இட்டால் பலகை வந்துவிடும். நகர்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம்.

கவனம் வேண்டியது தட்டச்சில்தான். ராஜா கோட்டை கட்டும் நகர்வைப் பிள்ளைகள் கொப்பியில் பூச்சியம், கோடு, பூச்சியம் என்று எழுதுவார்கள். பிஜிஎன்னில் அது பூச்சியமல்ல, ஆங்கிலப் பெரிய எழுத்து ஓ. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதால் பிழையைப் பிடிப்பது கடினம். குதிரைக்கு என், ராஜாவுக்குக் கே. தமிழில் கு, ரா என்று போட்டால் செருகுநிரலுக்குப் புரியாது.

ஆனால் ஆடியவர்களின் பெயரைத் தமிழிலேயே எழுதுங்கள். தன் பெயருக்குக் கீழே தன் குதிரை நகர்வதைப் பார்க்கும் பிள்ளைக்கு அது பெரிய சந்தோஷம்.