சார்ட்டை எடுத்து வையுங்கள், குழாயடிக்குப் போங்கள்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியை நான். 42 பிள்ளைகள். பயிற்சியில் கேட்டு வந்த 'டிசைன் திங்கிங்'கை, அதாவது பிறர் சிரமத்தை முதலில் புரிந்துகொண்டு, தீர்வைச் செய்து பார்த்துத் திருத்தும் முறையை, வகுப்பில் செய்து பார்த்தேன். 'பிளாஸ்டிக் ஒழிப்பு' என்று தலைப்பு கொடுத்தேன். கலர் கலராக சார்ட் ஒட்டியதோடு சரி. வாழ்க்கைத் திறன் எதுவும் வந்த மாதிரி தெரியவில்லை. வாரம் ஒரு பீரியட்தான் கிடைக்கிறது. எங்கே தவறு?

பதில்: தலைப்பில்தான், டீச்சர். பிளாஸ்டிக் என்றதும் 'மஞ்சப்பை' என்று பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். விடை தெரிந்த கேள்வியில் யோசிக்க என்ன இருக்கிறது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உள்ள வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூல் டிசைன் திங்கிங்கை ஐந்து படிகளாகச் சொல்கிறது. அகமதாபாத்தில் ரிவர்சைட் பள்ளியை நிறுவிய கிரண் பீர் சேத்தி, பிள்ளைகளே பிரச்சினைகளுக்குத் தீர்வு தேடும் 'டிசைன் ஃபார் சேஞ்ச்' இயக்கத்தை 2009-ல் தொடங்கியபோது நான்கே சொற்கள் வைத்தார்: உணர், கற்பனை செய், செய், பகிர். உங்கள் வகுப்புக்கு இந்த நான்கு தாராளம். ஆனால் கையில் இருக்கும் நேரத்தில் பாதியை முதல் படிக்கே கொடுங்கள். நாம் எல்லோரும் அவசரப்படுவது அங்கேதான்.

நான் பார்த்த ஒரு பள்ளியில், மதிய உணவு முடிந்து தட்டு கழுவும் இடத்தில் தினமும் தள்ளுமுள்ளு. 'இன்னும் நாலு குழாய் வேணும் சார்' என்றார்கள் பிள்ளைகள். சரி, மூன்று நாள் நின்று எண்ணிப் பாருங்கள் என்றேன். இருந்த ஆறு குழாயில் இரண்டின் பக்கம் யாருமே போகவில்லை. மூன்றாம் வகுப்புக் குட்டி ஒருத்தியைக் கேட்டதும் விஷயம் வந்தது: 'அங்க சோத்துத்தண்ணி நிக்குதுக்கா, கால் வழுக்குது.' சோறு அடைத்துக்கொண்டு தண்ணீர் போகவில்லை. குழாய்ப் பஞ்சமே இல்லை.

மீதிச் சோற்றைக் கொட்டக் குழாயருகே ஒரு வாளி வைத்தார்கள். கூட்டத்தில் யாருக்கும் கை எட்டவில்லை. வாளி யோசனை சொன்ன பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இரண்டு நாள் கழித்து அவனே வாளியைச் சாப்பாட்டுக்கூட வாசற்படிக்கு மாற்றினான், வேலை நடந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பத்து வாழ்க்கைத் திறன்களில் பிறர் நிலை உணர்தல் அந்தக் குட்டியிடம் கேட்டபோதே வந்துவிட்டது. உணர்ச்சியைக் கையாளுதல் வந்தது அந்த இரண்டு நாளில். அதனால் பிள்ளைகள் முதலில் செய்து பார்க்கும் தீர்வு சொதப்பும்போது ஓடிப்போய்த் திருத்திவிடாதீர்கள். ஆசிரியர்களான நமக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம்!

பீரியட் பற்றாக்குறைக்கு ஒரு வழி உண்டு. எண்ணிய கணக்கைக் கணிதப் பாடத்தில் வரைபடமாகப் போடட்டும். தலைமையாசிரியருக்கு எழுதும் விண்ணப்பம் தமிழ்ப் பாடத்தில் கடிதப் பயிற்சி. உற்றுப் பார்ப்பது மதிய இடைவேளையில். மற்றதற்கு ஆறு வாரப் பீரியட் போதும். ஏழு பேருக்கு ஒரு குழு. அதிகம் பேசாத பிள்ளைக்குப் பேட்டி எடுக்கும் வேலை, எப்போதும் முந்துகிற பிள்ளைக்குக் குறிப்பெடுக்கும் வேலை.

தீர்வுக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் பழையபடி சார்ட்தான் வரும். நோட்டில் 'முதலில் இப்படி நினைத்தேன், பிறகு இது தெரிந்தது' என்று இரண்டு வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.