காது கேட்கும் கருவி: லீட்ஸுக்குப் புதிதாக வந்த தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

மென்பொருள் வேலைக்காக இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு வந்து நான்கு மாதமாகிறது என்றும், சென்னையில் வாங்கி வந்த காது கேட்கும் கருவி பழுதாகிவிட்டது என்றும், இங்கே கடையில் விசாரித்தபோது இரண்டு காதுக்கும் சேர்த்து 2,000 பவுண்டுக்கு மேல் சொன்னார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். இந்நாட்டின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தரும் இலவசக் கருவியை நம்பலாமா, அல்லது விடுமுறையில் ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். பதினாறு ஆண்டுகளாக இந்த நாட்டில் இரண்டு காதிலும் கருவி அணிந்து வேலை பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் என்.எச்.எஸ். வழியிலேயே போங்கள்.

இலவசமாகக் கிடைப்பது மட்டமாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம். விசாவோடு ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் நீங்கள் கட்டிய சுகாதாரக் கட்டணம் இதற்கும் சேர்த்துத்தான். அங்கே தருவதும் ஓட்டிகான், போனாக் போன்ற நிறுவனங்களின் டிஜிட்டல் கருவிகளே. கருவியை இரவலாகத் தருவார்கள். பேட்டரிக்கும் பழுதுபார்ப்புக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. தொலைத்துவிட்டால் கட்டணம் கேட்கக்கூடும். பெரும்பாலும் காதுக்குப் பின்னால் அமரும் வகைதான் கிடைக்கும். காதுக்குள் மறையும் வகையே வேண்டும் என்றால் தனியாரிடம் போக வேண்டியிருக்கும். வெளியே தெரிகிறதே என்ற கவலை எனக்கும் இருந்தது. கூட்டங்களில் பேச்சைத் தவறவிடாமல் பதில் சொல்லத் தொடங்கிய பிறகு அது தானாகவே போய்விட்டது.

உங்கள் ஜி.பி.யிடம், அதாவது நீங்கள் பதிவு செய்துள்ள பொது மருத்துவரிடம், சொல்லி, கேட்கும் திறனைச் சோதித்துக் கருவி பொருத்தும் ஆடியாலஜி பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். சில பகுதிகளில் நாமே நேரடியாகவும் பதிவு செய்துகொள்ளலாம். போவதற்கு முன் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அடைப்பு இருந்தால் சோதனையைத் தள்ளிவைத்துவிடுவார்கள். காத்திருக்கும் காலத்தில் ஓரிரு நாளில் திடீரென்று கேட்கும் திறன் குறைந்தால் மட்டும் வரிசைக்குக் காத்திருக்காதீர்கள். அது அவசரம், அன்றைக்கே மருத்துவ உதவி தேடுங்கள்.

இனி, கருவியின் பெயரையும் விலையையும் விட நீங்கள் கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். அது கருவியைப் பொருத்தும் முறை. கேட்புச் சோதனையின் முடிவைக் கணினியில் ஏற்றினால், கருவி தன் கணக்குப்படி ஓர் ஒலி அளவை அமைத்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொருவரின் காதுக் குழாயும் நீளத்திலும் வளைவிலும் வேறுபடுவதால், அந்தக் கணக்கு உங்கள் செவிப்பறையின் அருகே சரியாக வந்து சேரும் என்பதற்கு உறுதி இல்லை. அதனால்தான் கருவியோடு சேர்த்து, நூல் போன்ற மெல்லிய ஒரு குழாயையும் காதுக்குள் விட்டு, எதிரே உள்ள ஒலிபெருக்கியில் பேச்சை ஒலிக்கவிட்டு, உள்ளே உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளக்கிறார்கள். அதற்குப் பெரும்பாலும் பயன்படுத்தும் பேச்சு, ஆறு மொழிப் பெண்களின் குரல்களைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, எவருக்கும் பொருள் விளங்காதபடி செய்யப்பட்டது. ஆகவே நம் தாய்மொழி தமிழாக இருப்பது இந்த அளவைப் பாதிக்காது. இந்த அளவீட்டைச் செய்வீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். தனியாரிடம் போனாலும் முதலில் இதையே கேளுங்கள்.

எனக்கு முதன்முதலில் கருவி பொருத்திய இடத்தில் இந்த அளவீட்டைச் செய்யவில்லை. தட்டு வைக்கும் ஓசை காதைக் குத்தியது. ஆனால் வீட்டில் ‘கடை’ என்று சொன்னால் ‘தடை’ என்றோ ‘படை’ என்றோதான் கேட்டது. என் காதே அவ்வளவுதான் என்று எண்ணி எட்டு மாதம் கருவியை மேசை இழுப்பறைக்குள் போட்டு வைத்திருந்தேன். பிறகு வேறோர் ஆடியாலஜிஸ்ட் அளந்து பார்த்து, கூர்மையான ஒலிகள் உள்ளே போதிய அளவு சேரவில்லை என்று திரையில் காட்டினார். அதே கருவியைத்தான் அவர் திருத்திக் கொடுத்தார். அன்று மாலை சமையலறையில் கடுகு பொரிந்து அடங்கும் வரை நின்று கேட்டேன்.

ஊரிலிருந்து வாங்கி வருவதை நான் வேண்டாம் என்பதும் இதனால்தான். சென்னையில் நல்ல ஆடியாலஜிஸ்டுகள் இருக்கிறார்கள். ஆனால் ஒரே நாளில் அமைத்து முடிக்கும் வேலை அல்ல இது. மூளை புதிய ஒலிகளுக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். பழகிய பிறகுதான் எங்கே குறை என்று நமக்கே தெரியும். பொருத்திய 6 முதல் 12 வாரத்துக்குள் மீண்டும் அழைத்துப் பார்க்க வேண்டும் என்று இங்கே சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் என்ற அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வெளியே வாங்கிய கருவியை என்.எச்.எஸ். ஆடியாலஜியில் பொதுவாகத் திருத்தித் தர மாட்டார்கள். அதே வழிகாட்டுதல், இரண்டு காதிலும் குறை இருந்தால் இரண்டுக்கும் கருவி தர வேண்டும் என்கிறது. ஒன்றே போதும் என்று நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

காதின் வடிவத்துக்கேற்பச் செய்து கருவியோடு இணைக்கும் இயர்மோல்டுக்கு அச்செடுப்பதாக இருந்தால், நூல் கட்டிய சிறு பஞ்சை முதலில் உள்ளே வைத்து, பிறகு குளிர்ந்த பசையைக் காதுக்குள் நிரப்புவார்கள். சில நிமிடம் காது முழுவதும் அடைத்துக்கொள்ளும், வலிக்காது.

போகும்போது சென்னையில் எடுத்த பழைய ஆடியோகிராமை, அதாவது கேட்புச் சோதனையின் வரைபடத்தை, கொண்டு போங்கள். அலுவலகக் கூட்டமா, தொலைபேசியா, வீட்டில் தமிழில் பேசுவதா, எங்கே சிரமம் என்று எழுதியும் எடுத்துச் செல்லுங்கள். காதுப் படமும் ஆங்கில ‘T’ எழுத்தும் உள்ள அறிவிப்பை இங்கே அஞ்சலகங்களிலும் அரங்குகளிலும் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒலியை நேராகக் கருவியிலேயே வாங்கிக்கொள்ளலாம், அந்த வசதியை இயக்கித் தரும்படி அன்றைக்கே கேட்டுவிடுங்கள். பேட்டரியின் மேல் ஒட்டிய தாளை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள். தேதி கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்.