உள்சுவருக்கும் சீலிங்குக்கும் ஒரே எமல்ஷன் போதுமா?

செங்கோட்டைக்கு அருகே புதிதாக வீடு கட்டியிருப்பதாகவும், ஆவணியில் தங்கையின் திருமணம் வருவதால் ஆடிக்குள் பெயிண்ட் வேலையை முடிக்க நினைப்பதாகவும், எல்லா அறைகளுக்கும் சீலிங்குக்கும் சேர்த்து விலை உயர்ந்த எமல்ஷன் ஒன்றையே வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் செங்கோட்டைக்காரன். எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை பெயிண்ட் அடித்துப் பார்த்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

ஒரே எமல்ஷன் வேண்டாம். சுவருக்கு வேண்டிய குணம் வேறு, சீலிங்குக்கு வேண்டிய குணம் வேறு. எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் அக்ரிலிக் பிசின் துகள்களும், வெண்மையைத் தரும் டைட்டானியம் டை ஆக்சைடும், சுண்ணத்தூள் போன்ற நிரப்பிகளும் சேர்ந்த கலவை. தண்ணீர் ஆவியாகும்போது பிசின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. பிசின் மிகுந்தால் படலம் இறுகிப் பளபளக்கும், ஈரத்துணியால் துடைத்தாலும் தாங்கும். நிரப்பி மிகுந்தால் பளபளப்பு இராது. நுண்துளைகள் இருப்பதால் சுவருக்குள் உள்ள ஈரம் ஆவியாக வெளியேற வழி கிடைக்கும், ஆனால் அழுத்தித் தேய்த்தால் நிறம் துணியோடு வந்துவிடும். கடையில் பளபளப்பதை ஷீன் என்றும், பளபளக்காததை மேட் என்றும் பிரித்துச் சொல்வதன் உட்பொருள் பெரும்பாலும் இதுதான்.

சீலிங்கில் யாரும் கை வைப்பதில்லை, ஆகவே துடைக்கும் தேவை இல்லை. மாறாக, சன்னல் வழியே வரும் வெளிச்சம் அதன்மேல் சாய்வாகப் படர்கிறது. முதல் முறை நான் கூடத்துச் சீலிங்குக்கும் சுவருக்கு வாங்கிய ஷீன் எமல்ஷனையே அடிக்கச் சொன்னேன். மறுநாள் மாலை நான்கு மணிக்கு மேற்கு சன்னலைத் திறந்தபோது ரோலர் ஓடிய ஒவ்வொரு தடமும், சென்ட்ரிங் பலகைகள் சேர்ந்த இடத்தில் காங்கிரீட்டில் எழும்பியிருந்த மெல்லிய வரம்புகளும், சமன்செய்யப் பூசும் பட்டியை உப்புத்தாளால் சரியாகத் தேய்க்காததால் நின்ற திட்டுகளும் கோடு போட்டதுபோலத் தெரிந்தன. அதன்மேல் மேட் வெள்ளை அடித்த பிறகே அவை மறைந்தன. எனவே சீலிங்குக்குச் சாதாரண மேட் வெள்ளை எமல்ஷனை வாங்குங்கள். விலை குறைவு என்பதற்காகத் தயங்க வேண்டாம். குளியலறையும் சமையலறையும் மட்டும் விலக்கு. அங்கே ஆவி மேலே போய்க் குளிர்ந்து சீலிங்கில் படிவதால் பூஞ்சணம் பிடிக்கும்; பூஞ்சணத்தைத் தடுக்கும் மருந்து சேர்ந்த, துடைக்கக்கூடிய அக்ரிலிக் எமல்ஷனே அவ்விடத்திற்கு ஏற்றது.

சுவர்களைப் பொறுத்தவரை, கை படும் உயரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். கூடம், நடை, குழந்தைகள் படிக்கும் அறை, சுவிட்சு பலகையைச் சுற்றியுள்ள பகுதி ஆகியவற்றுக்குத் துடைக்கக்கூடிய மென் ஷீன் வகை நல்லது. படுக்கையறைகளுக்கு நடுத்தர விலையுள்ள மேட் போதும்.

ஆனால் நம் ஊரில் பெயிண்டைக் கெடுப்பது பெயிண்ட் அல்ல, சுவரில் ஊறும் ஈரமாகிய ஓதம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடி மாதங்களில் சாரலைக் கொண்டுவந்து மேற்குச் சுவரில் நாள் முழுவதும் அடிக்கிறது. அது ஓய்ந்து சுவர் காய்வதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்கிறது. ஆவணி முகூர்த்தத்தை எண்ணி நம்மவர்கள் ஆடியில்தான் பெயிண்டரைத் தேடுகிறார்கள், நானும் அப்படித்தான் தேடினேன். மேற்கு அறையில் அடித்த விலை உயர்ந்த ஷீன் எமல்ஷன் மூன்றே வாரத்தில் உள்ளங்கை அளவுக்குக் கொப்புளித்தது. நகத்தால் கீறியபோது தண்ணீர் கோடாக வழிந்தது. உள்ளே இருந்த பட்டி, பிசைந்த மாவைப் போல விரலில் ஒட்டியது. சுவருக்குள் இருந்த நீர் வெளியேற வழியில்லாமல் இறுகிய படலத்தைத் தள்ளியிருக்கிறது. அதே மழையில், அடுத்த அறையில் மலிவான மேட் அடித்திருந்த மேற்குச் சுவரில் உப்புப் பூத்ததே தவிர எதுவும் உரியவில்லை.

அதனால் டின்னை வாங்குமுன் சுவரைச் சோதியுங்கள். ஒன்றரை அடிச் சதுரமான பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப்பால் அடைத்துச் சுவரில் ஒட்டி, ஓர் இரவு முழுவதும், குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தாலோ, சுவரில் அந்த இடம் கறுத்திருந்தாலோ அந்தச் சுவர் இன்னும் ஆயத்தமாகவில்லை. புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாட்கள் ஆகியிருக்க வேண்டும், சாரல் காலத்தில் அதுவும் போதாது. சிமென்ட்டின் காரம் அடங்காத சுவரில் அடித்த நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும். மொட்டைமாடித் தட்டோட்டில் விரிசல் இருந்தால் அதை முதலில் அடையுங்கள். கீழே எந்த எமல்ஷனும் அதற்கு மருந்தாகாது.

இதைப் படிக்கும் சிலருக்குப் பழைய சுண்ணாம்பு அடித்த வீடு இருக்கலாம். கையால் தடவினால் வெள்ளைத்தூள் ஒட்டும் அந்தப் பரப்பின்மேல் நேரடியாக எமல்ஷன் அடித்தால் பொருக்காக உரிந்து வரும். முழுவதும் சுரண்டிக் கழுவிக் காயவைத்த பிறகே பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடிக்க வேண்டும்.

அளவு பற்றி ஒரு கணக்கு: 10 அடி உயரமுள்ள 10-க்கு 12 அறையில் சுவர்ப்பரப்பு 440 சதுர அடி. கதவு, சன்னலுக்கு 60 கழித்தால் 380. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 100 முதல் 130 சதுர அடி என்று கொண்டால் சுவருக்கு மூன்று முதல் நான்கு லிட்டரும், சீலிங்குக்கு ஒன்றேகால் லிட்டர் வரையும் ஆகும். தண்ணீரை டின்னில் எழுதியுள்ள அளவுக்கு மேல் கலக்க விடாதீர்கள். நிறம் கலந்து வாங்கும் டின்களை ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிய பிறகு அடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சுவரின் நடுவில் நிறம் மாறும்.

உங்கள் திருமண அவசரத்திற்கு என் யோசனை இது. தாள் சோதனையில் காய்ந்திருக்கும் உள்சுவர்களையும் சீலிங்கையும் இப்போதே முடித்துவிடுங்கள். மேற்குச் சுவர்களுக்குப் பட்டி வைக்காமல், தண்ணீர் கலந்து அடிக்கும் சிமென்ட் பிரைமரை மட்டும் ஒரு கோட் அடியுங்கள். பந்தலுக்கு வருகிறவர்கள் கண்ணுக்கு அது வெள்ளைச் சுவராகவே தெரியும். உரிந்தாலும் இழப்பு ஒரு கோட் பிரைமரோடு நின்றுவிடும். மாசியில் மீண்டும் தாளை ஒட்டிப் பார்த்து, அதன்பின் பட்டியும் எமல்ஷனும் வையுங்கள்.