வேரைப் பார்த்துத் தண்ணீர் விடுங்கள்: ஆர்க்கிட் வளர்ப்பு குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: மகள் பரிசாகத் தந்த ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் செடியில் பூக்கள் உதிர்ந்த பின், அதைச் செம்மண்ணும் தொழு உரமும் கலந்த தொட்டிக்கு மாற்றி, மற்ற செடிகளுக்கு விடுவது போலவே நாள் தவறாமல் தண்ணீர் விட்டுவந்தேன். ஒரே மாதத்தில் இலைகள் துவண்டு சுருங்கிவிட்டன. தண்ணீர் போதவில்லையா?
*(வாசகி, திருச்சி)*

பதில்: தண்ணீர் மிகுந்து வேர் அழுகியதால், இலைக்கு நீர் சென்று சேரவில்லை. இந்த நிலையில் கூடுதலாகத் தண்ணீர் விட்டால், மிஞ்சியிருக்கும் வேரும் போய்விடும்.

நாம் வீட்டில் வளர்க்கும் வெப்பமண்டல ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை காட்டில் மண்ணையே தொடாமல் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. அவற்றைப் பலர் ஒட்டுண்ணி என்று நினைக்கிறார்கள். அது தவறு, மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை, தொற்றிக்கொள்ள இடம் கிடைத்தால் போதும். அவற்றின் வேரைச் சுற்றி வெலாமென் என்னும் பஞ்சு போன்ற உறை இருக்கிறது. மழை பட்டதும் அது நீரைச் சட்டென்று உறிஞ்சிக்கொண்டு, பின்னர் காற்றில் உலரும். மண்ணுக்குள் புதைந்த வேருக்கு அந்தக் காற்று கிடைப்பதில்லை.

இன்றே தொட்டியைக் கவிழ்த்து, மண் முழுவதையும் நீரில் அலசிவிட்டு, ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும். அழுகிய வேரை மெல்ல இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து, நூல் போன்ற நடுநரம்பு மட்டும் மிஞ்சும். தீயில் காட்டி ஆறவைத்த கத்தரிக்கோலால் அத்தகைய வேர்களை நறுக்கி, வெட்டிய முனைகளில் மட்டும் இலவங்கப்பட்டைத் தூளைத் தொட்டு வையுங்கள். பழைய பூந்தண்டு இருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். இப்போது செடி தன் வலுவை வேர்விடுவதற்கே செலவிட வேண்டும்.

அடியிலும் பக்கங்களிலும் துளையுள்ள சிறிய தொட்டியில் அடுப்புக்கரித் துண்டுகள், ஓட்டுச்சில்லுகள், பல முறை ஊறவைத்துக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டுகள் ஆகியவற்றை மட்டும் இட்டுச் செடியை நிறுத்துங்கள். உள்ளே வேர் தெரியும்படியான பிளாஸ்டிக் தொட்டி கிடைத்தால் மிகவும் நல்லது. வேர் வெள்ளி நிறமாக வெளிறியிருந்தால் தண்ணீர் விடலாம். பச்சையாக இருந்தால் பொறுத்திருக்க வேண்டும். இத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கணக்கு வைக்காதீர்கள், ஏனெனில் ஐப்பசி மழையில் ஒரு வாரம் ஈரம் காக்கும் அதே தொட்டி சித்திரையில் ஒரே நாளில் காய்ந்துவிடும். காலையில் தண்ணீர் விடுங்கள். இலைகளின் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். செடி தேறியபின், இரவு வெப்பநிலை சில வாரங்கள் தொடர்ந்து 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் மார்கழி, தை மாதங்களில் புதிய பூந்தண்டை எதிர்பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் வீட்டு டென்ட்ரோபியம் கரும்பச்சை இலைகளுடன் செழிப்பாக இருந்தும் இரண்டு ஆண்டுகளாகப் பூக்கவில்லை. இலை உதிர்ந்த பழைய தண்டுகளை வெட்டிவிடலாமா?
*(வாசகர், சென்னை)*

பதில்: அந்தக் கரும்பச்சையே வெளிச்சம் போதவில்லை என்பதற்கு அடையாளம். போதிய வெளிச்சம் பெறும் டென்ட்ரோபியத்தின் இலை சற்றே மஞ்சள் கலந்த இளம்பச்சையாக இருக்கும். செடியைக் காலை வெயில் விழும் கிழக்குப் பக்கத்திற்கோ, மொட்டைமாடியில் 50 சதவீத நிழல்வலையின் கீழோ மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் இலை வெந்துவிடும். இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். நண்பகலில் இலையைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் வெயில் அதிகம்.

பழைய தண்டு பச்சையாகவும் கெட்டியாகவும் இருக்கும்வரை அதில் கை வைக்க வேண்டாம். புதுத் தளிருக்கான நீரும் உணவும் அதில்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. இலையில்லாத தண்டின் நுனியிலிருந்தே பூங்கொத்து வருவதும் உண்டு. தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து, வேரை முதலில் நனைத்துவிட்டு, வாரம் ஒரு முறை தெளித்தால் போதும். ஆழ்துளைக் கிணற்று நீர் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கரித்துண்டுகளைக் கவனியுங்கள்: வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் மழைநீருக்கு மாறுங்கள். உப்பு ஏறினால் வளரும் வேர்நுனிதான் முதலில் கருகும்.

கேள்வி: எங்கள் ஊர் மாமரத்தில் பழுப்புக் கட்டமிட்ட இதழ்களும் நீலம் கலந்த ஊதா நிறத்தில் உதடு போன்ற கீழிதழும் கொண்ட ஆர்க்கிட் பூக்கிறது. பெயர்த்து வந்து தொட்டியில் வளர்க்கலாமா?
*(வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்)*

பதில்: தயவுசெய்து பெயர்க்காதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது நம் மண்ணில் இயல்பாக வளரும் வாண்டா டெசலேட்டாவாக இருக்கலாம். பட்டையோடு ஒட்டிய வேரைப் பிய்க்கும்போது பெரும்பாலான வேர்கள் முறிந்துபோகும். அதன் ஒரு காயில் தூசி போன்ற விதைகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், அவற்றில் சேமித்த உணவு இல்லாததால், தக்க பூஞ்சையின் துணை கிடைத்த சிலவே முளைக்கின்றன. காற்றில் கிளை முறிந்து செடி கீழே விழுந்தால் மட்டும், அதை எடுத்து அதே மரத்திலோ உங்கள் வீட்டு மரத்திலோ, சொரசொரப்பான பட்டையுள்ள, காலை வெயில் படும் இடத்தில் பருத்தித் துணியால் கட்டிவையுங்கள். புது வேர் பட்டையைப் பற்றும்வரை நாள்தோறும் காலையில் நீர் தெளித்துவாருங்கள்.