இலை மட்டும் விடுகிறது, அல்லி பூக்கவில்லையே!

கேள்வி: தோட்டத்துக் குளத்தில் நீல அல்லி வைத்து நான்கு மாதம் ஆகிறது. இலை நிறைய விடுகிறது, பூ ஒன்றுகூட இல்லை. கன்று விற்றவர், பூக்க வைக்கும் டானிக் ஒன்றைக் குளத்தில் ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா? குளத்தில் மீன்கள் இருக்கின்றன. மதியத்துக்கு மேல் இரண்டு மணி நேரம்தான் வெயில் படும்.

பதில்: ஊற்ற வேண்டாம். அல்லி தன் சத்தை வேர் வழியாக மண்ணிலிருந்துதான் எடுக்கும். தண்ணீரில் கரைத்த உரம் பாசிக்குத் தீனியாகப் போய்ச் சேரும். குளம் பச்சையாகும், அப்புறம் மீனுக்கு மூச்சு முட்டும். அடுத்து பாசி மருந்து என்று இன்னொரு பாட்டிலையும் உங்கள் தலையில் கட்டுவார்கள்.

உங்கள் செடிக்கு வெயில்தான் போதவில்லை. நீல அல்லி போன்ற வெப்பமண்டல அல்லிக்குத் தினமும் ஐந்தாறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். அல்லி நட்ட தொட்டியைக் குளத்தில் வெயில் விழும் பக்கம் நகர்த்துங்கள். குளம் முழுக்க நிழல் என்றால், ஓட்டை இல்லாத அகலமான தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதை வெயிலில் வைத்து அல்லியை அதற்குள் இறக்குங்கள். கிழங்குக்கு மேல் ஒன்றிலிருந்து ஒன்றரை அடித் தண்ணீர் போதும். உரம் என்றால் மாத்திரை உரம்தான். மாதம் ஒருமுறை வேருக்குப் பக்கத்தில் ஆழமாக அழுத்தி, மேலே மண்ணை மூடிவிடுங்கள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. ‘டாபென்’ என்ற வெளிர்நீல ரகம் மூன்று, நான்கு மணி நேர வெயிலிலும் பூக்கும். முற்றிய இலையில், காம்பு வந்து சேரும் இடத்தில் அதற்குக் குட்டிக் கன்று முளைக்கும். ஆனால் இலையில் கன்று முளைக்கும் ரகங்கள் வேறும் உண்டு. அவையெல்லாம் நிழல் தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள். உங்களுடையது டாபெனாகவே இருந்தாலும், இரண்டு மணி நேர வெயில் அதற்கும் குறைவுதான்.

வாங்கியது எந்த ரகம் என்று தெரிந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. அல்லி ரகங்களின் பெயரை முறையாகப் பதிவு செய்ய சர்வதேச அளவில் சங்கம் இருக்கிறது, பதிவேடும் இருக்கிறது. விற்கிற இடத்திலோ ‘நீலம்’, ‘சிவப்பு’ என்று ஒரு சீட்டு. எவ்வளவு வெயில் வேண்டும் என்று ஒரு வரி எழுத என்ன செலவாகிவிடும்? இதை எத்தனை வருடமாகச் சொல்வது!

இதைவிட மோசம், இணையத்தில் ‘நீலத் தாமரை விதை’ விற்பது. தாமரையில் நீலமே கிடையாது. அந்தப் பெயரில் படத்தில் காட்டுவது நீல அல்லியை. உறையில் வருவது பெரிய, கடினமான, கருப்பு விதை என்றால் அது தாமரை விதை. அல்லி விதை பெரும்பாலும் கடுகை விடப் பெரிதாக இருக்காது. கலப்பின அல்லிகளில் பல விதையே வைக்காது, வைத்தாலும் தாயைப் போல வராது. அதனால் பெயர் பெற்ற ரகத்தை விதையாக யார் விற்றாலும் வாங்காதீர்கள். கிழங்காகவோ கன்றாகவோ, முடிந்தால் பூவோடு பார்த்து வாங்குங்கள்.

தொட்டியை மாற்றியதும் பழைய இலைகள் சில மஞ்சளாகும். பயப்படாமல் காம்போடு நறுக்கி எடுத்துவிடுங்கள். டானிக்கை ஏற்கெனவே வாங்கியிருந்தால், திறக்காமல் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.